அப்படி ஒண்ணும் கிடையாது

அரை மணி நேரம்னு நர்ஸ் பிள்ளை சொல்லியிருக்கா. பிரிட்ஜுலேர்ந்து எடுத்த கையோட குத்திராதீங்க டீச்சர், சுருக்குனு வலிக்கும், அரை மணி நேரம் வெளிய வச்சுட்டுப் போடுங்க. எடுத்து வச்சுட்டேன். இப்ப மணி பத்து இருவது. சாப்பாட்டு மேசையில எலுமிச்சங்கா ஊறுகா பாட்டிலுக்கும் கெசியா அப்பாவோட பிரஷர் மாத்திரை டப்பாவுக்கும் நடுவுல கிடக்கு அந்த ஊசி, நீலக் கலர்ல. அதுக்குப் பேரும் பேனாதான். முப்பது வருஷமா சிவப்புப் பேனா புடிச்சு கணக்குப் பேப்பர் திருத்துன கைக்கு இந்தப் பேனா புதுசு. பத்து அம்பதுக்குத் தொப்புளுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி சதையைப் புடிச்சு, குத்தி, அப்படியே வச்சு பத்து எண்ணணும். சதைக்கு இங்க என்ன பஞ்சம், எங்க புடிச்சாலும் ஒரு கை நிறைய வரும். வலிக்கு நான் பயப்படல. கெசியாவை ஒரு ராத்திரி ஒரு பகல் நொந்து பெத்தவ நான். பயம் வேற. பேனாவை எடுத்த கையோட அட்டைப்பெட்டிக்குள்ள மடிச்சு மடிச்சு வச்சிருந்த பேப்பரை விரிச்சேன் பாருங்க, அங்கதான் பிடிச்சுது. விரிக்க விரிக்க போர்வை மாதிரி வருது, அதுல எறும்பு எழுத்து. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்காம விட மாட்டேன். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பையில கல்லு, கணையம் வீங்குறது, எல்லாத்தையும் வாசிச்சேன், நெஞ்சு ஆடல. அப்புறம் ஒரு வரி. கழுத்துல கட்டி, முழுங்கச் சிரமம், குரல் கம்மல். குரல் கம்மல்ங்கற இடத்துல கண்ணு நின்னுட்டு. அடுத்த வரிக்குப் போச்சு, திரும்பி அங்கயே வந்து நின்னுட்டு. எச்சி முழுங்கிப் பாத்தேன். இறங்குது. இன்னொருக்கா முழுங்கினேன். இறங்கத்தான் செய்யுது, ஆனா எங்கயோ லேசாத் தட்டிட்டு இறங்குற மாதிரி இருக்கு. சும்மா இருக்கும். பயந்தா யாருக்கும் தொண்டை தட்டும்.

டாக்டரம்மா கேக்காம இல்ல. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைச்சுக்கிட்டு இருக்கேன், அந்தம்மா கேட்டாவ. நல்ல மாதிரி, சின்ன வயசு, கண்ணைப் பாத்துப் பேசுதாவ. முட்டு வலிக்குப் பாத்த டாக்டர்தான் அங்க அனுப்புனாரு. நூத்திநாலு கிலோவை வச்சுக்கிட்டு முட்டுல கத்தி வைக்க மாட்டேன், பதினெட்டு கிலோ இறக்கிட்டு வாங்கன்னுட்டாரு. என்னமோ சாக்கு மூடையை இறக்கி வைக்குற மாதிரி. இருவது வருஷமா நான் இறக்காததையா. கொள்ளு, வெள்ளைப் பூசணிச் சாறு, பேலியோ, ராத்திரி சாப்பிடாம படுக்குறது, காலையில மைதானத்துல நாலு சுத்து. இறங்கும், திரும்ப ஏறும், வட்டியோட ஏறும். போன ஈஸ்டருக்கு கோயில் கொயர்ல நிக்குறதுக்கு அந்த மூணு படி ஏற முடியாம, கீழ்க்குரல் பாடுற ஆல்ட்டோ வரிசையில எனக்கு மட்டும் கீழ ஒரு நாற்காலி போட்டாவ. அன்னைக்கு நான் பாடல, அழாம இருக்குறதுலயே மூச்சு போயிட்டு. அதனால எடை இறங்க இந்த ஊசின்னு டாக்டரம்மா சொன்னதும் எனக்கு வானத்துலேர்ந்து இறங்குன மாதிரி இருந்துது. அப்புறம் ஒரு தாளை வச்சுக்கிட்டு கேள்வி கேட்டாவ. கணையத்துல எதும் வந்திருக்கா, இல்ல. பித்தப்பை, இல்ல. உங்க குடும்பத்துல, அப்பா அம்மா, அவுக கூடப்பிறந்தவுக, யாருக்காவது தைராய்டுல கேன்சர் இருந்திருக்கா. அந்தம்மா கேட்டு முடிக்கல, நான் சொல்லிட்டேன். எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. யோசிக்கவே இல்ல. வாய்ப்பாடு மாதிரி வந்துட்டு. ரெண்டாம் வாய்ப்பாடு கேட்டா யாராவது யோசிச்சா சொல்லுதாவ. டாக்டரம்மா பேனாவால ஒரு டிக் போட்டாவ. அந்த டிக் இப்ப என் கண்ணுக்குள்ள நிக்குது.

அது என் வாக்கியம் இல்ல, எங்க அப்பாவோட வாக்கியம். ஞானக்கனி அத்தை, எங்க அப்பாவோட தங்கச்சி, நாசரேத்துல டீச்சரா இருந்தாவ. நல்ல குரல், உச்சக் குரலு சோப்ரானோவுல அவுக எடுத்தா கோயில் ஜன்னல் கண்ணாடி அதிரும்னு சொல்லுவாவ. கல்யாணம் நிச்சயமாயிருந்துது. அந்த வருஷம் மழை நேரத்துல அத்தைக்குத் தொண்டை கட்டிக்கிட்டு. மிளகு தட்டிப் போட்டுப் பால், பனங்கற்கண்டு, அதிமதுரம், சுக்கு, ஆளாளுக்கு ஒண்ணு. எனக்குப் பன்னெண்டு வயசு, லீவுக்கு அங்க போனா அத்தை பக்கத்துல நின்னு பாடுவேன். ஒரு நாள் கோயில்ல பாடிக்கிட்டே நிமிந்து பாக்கேன், அத்தை வாய் அசையுது, சத்தம் வரல. பாட்டுப் புஸ்தகத்தைப் புடிச்சிருக்காவ, பக்கம் திருப்புதாவ, வாயைச் சரியா எங்க திறக்கணுமோ அங்க திறக்காவ. எல்லாரும் அத்தை பாடுதாவன்னு நினைச்சுக்கிட்டு இருக்காவ. நான் பாத்ததை அத்தை பாத்துட்டாவ. ஒத்தை விரலை உதட்டுல வைக்கல, முறைக்கல, சும்மா லேசாச் சிரிச்சாவ. நானும் யாருகிட்டயும் சொல்லல. கழுத்துல இங்கன, எலும்புக்குப் பக்கத்துல, கோலிக்காய் அளவு தெரிஞ்சுது. சேலைத் தலைப்பைச் சுத்திக்கிட்டு வருவாவ. அப்புறம் வேலூர் பக்கம் கொண்டு போனாவ, நானும் கூடப் போனேன், எதுக்குன்னு தெரியாது. அப்புறம் ஞாயித்துக்கிழமை கோயில்ல பாஸ்டர் ஐயர் ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது, சுகவீனமாயிருக்கும் சகோதரி ஞானக்கனிக்காக. வாராவாரம் அதே வார்த்தை. சுகவீனம். எங்காளுக கண்டுபிடிச்ச வார்த்தை அது. காய்ச்சலும் அதுதான், பைத்தியமும் அதுதான், கர்ப்பம் கலைஞ்சாலும் அதுதான், சாவப் போறதும் அதுதான். மேல ஒரு துணியைப் போட்டு மூடுன மாதிரி. யாரும் துணியைத் தூக்கிப் பாக்க மாட்டாவ, அது மரியாதை இல்லல்லா. நிச்சயம் பண்ணுன மாப்பிள்ளை வீட்டுக்காரவுக ஒரு நாள் வந்து காப்பி குடிச்சாவ, ஜெபம் பண்ணுனாவ, போயிட்டாவ, அப்புறம் வரல. அத்தை முப்பத்திரெண்டு வயசுல போனாவ.

அதுக்கப்புறம் எத்தனை தடவை கேட்டிருப்பேன் அந்த வாக்கியத்தை. மத்த அத்தைமாருக்குக் கல்யாணம் பேசி வரும்போது, எங்க அக்காவுக்குப் பேசும்போது, எனக்குப் பேசும்போது. கெசியா அப்பாவோட அம்மா, என் மாமியார், ரொம்ப விவரம், முறுக்கைக் கடிச்சுக்கிட்டே கேட்டாவ, உங்க தங்கச்சி ஒருத்தி சின்ன வயசுலயே போயிட்டாளாமே, எதுல போனா. அப்பா சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கிட்டு, சுகவீனம்தான், எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாதுங்கன்னாவ. நான் பட்டுச்சேலையில உள் ரூம்ல நின்னு கேட்டேன். எனக்கு நிம்மதியாத்தான் இருந்துது. அப்பா பொய் சொல்லுதாவளேன்னு ஒரு துளி தோணல. சொல்லப்போனா அது பொய்யான்னே எனக்குத் தெரியாது, அதுதானே விஷயம். எனக்குத் தெரியாது. யாரும் எங்கிட்ட கேன்சர்னு சொன்னதில்ல. வாயுக்கட்டியா இருக்கலாம். சாதாரணக் கழுத்துக் கழலையா இருக்கலாம், கழலையில செத்தவுக இல்லயா அந்தக் காலத்துல. தைராய்டு கேன்சர்லயே நாலஞ்சு ரகமாம், அதுல ஒரு ரகம் இருந்தாத்தான் இந்த ஊசி ஆகாதாம், அது ரத்தத்தோட வருமாம், அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு. அந்த ரகம் இல்லாதவுகளுக்கு, ஊசி குடுத்துப் பாத்ததுல எலிக்குத்தான் கட்டி வந்துச்சாம், மனுஷருக்கு வருமான்னு தெரியலன்னு போட்டிருக்கு. ஆக, அத்தைக்கு வந்தது அந்த ரகமா இல்லன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த ரகமா இருந்தா. அந்த ரகமா இருந்தா ஊசி என்ன, ஊசி போடாட்டியும். இந்த இடத்துக்கு வந்தா என் யோசனை கால் வழுக்கித் திரும்ப முதல் படிக்குப் போயிருது. எச்சி முழுங்குதேன். பத்து முப்பத்தி ஒண்ணு.

கெசியா அப்பாகிட்ட சொல்லலாம்னா அவுக காரைச் சர்வீசுக்கு விடப் போயிருக்காவ. போகும்போது வாசல்ல நின்னு ஊசி இன்னைக்குத்தானான்னு கேட்டாவ. ஆமாம்னேன். உன் இஷ்டம்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. கல்யாணமாகி இருவத்தெட்டு வருஷத்துல இந்த உன் இஷ்டத்தை எங்கயாவது கொண்டு போய் ஆத்துல போட்டுட்டு வரணும்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன். எங்க ஸ்கூல் லீதியாள் டீச்சர் இதே ஊசியைப் போட்டுக்கிட்டா, ஒன்பது மாசம். இருவத்தி ரெண்டு கிலோ போச்சு. முதல் மாசம் எல்லாரும் சூப்பர் டீச்சர்னாவ. மூணாம் மாசம் பிள்ளைங்க, டீச்சர் உங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேட்டுட்டுக. கன்னம் ஒட்டிப் போச்சு, சீப்புல கொத்தாக் கொத்தா முடி. ஆண்டு விழாவுல மேடைக்குப் பின்னால வாளியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மீன் குழம்பு வாசனை வந்தா வாசலுக்கு ஓடுதேன் எப்சிபா, அவரு தனியா உக்காந்து சாப்பிடுதாருன்னா. ஆனா ஒண்ணு சொன்னா, அது என் மனசுல அப்படியே நிக்குது. சாப்பாட்டைப் பத்தின சத்தம் மண்டைக்குள்ள நின்னுட்டு, அவ்வளவு அமைதியா இருந்துதுன்னா. அது எனக்குத் தெரியும், அந்தச் சத்தம். அடுப்படியில மிச்சம் என்ன இருக்கு, பிரிட்ஜுல அந்தக் கேக்குத் துண்டு, யாரும் பாக்கலன்னா, ஒண்ணே ஒண்ணு. அம்பத்திரெண்டு வருஷமா ஓயாத சத்தம். அது ஒரு நாள் நின்னா எப்படி இருக்கும்னு எனக்குப் பாக்கணும். ஊசியை நிறுத்துனதும் லீதியாளுக்கு எல்லாம் திரும்பி வந்துட்டு, சத்தமும் சதையும். அப்ப சாகுற வரைக்கும் குத்தணுமான்னு கேட்டேன். டாக்டர் நேரா பதில் சொல்லலன்னா. இதையெல்லாம் நான் ஒரு தாள்ல ரெண்டு பக்கமா எழுதிக் கூட்டிக் கழிச்சுப் பாத்தவதான். வாந்தி போகட்டும், முடி போகட்டும், முகம் தொங்கட்டும், அந்த மூணு படி ஏறுனாப் போதும்னுதான் விடை வந்துது. கணக்குல ஒரு எண்ணை மட்டும் போட மறந்துட்டேன். மறக்கல. மறந்த மாதிரி இருந்துக்கிட்டேன்.

சொல்லாம இருந்துரலாம். யாருக்குத் தெரியும். நாசரேத்துல அத்தை கல்லறையில சுகவீனம்னு கூட எழுதல, தேதிதான் இருக்கு. எங்க அப்பா போயாச்சு, மத்த அத்தைமார்ல ஒருத்திதான் மிச்சம், அவுகளுக்கு நேத்து சாப்பிட்டது ஞாபகம் இல்ல. டாக்டரம்மா டிக் போட்டாச்சு. நான் இந்தப் பேப்பரை வாசிக்கவே இல்லன்னு வச்சுக்கிடலாம், எவ வாசிக்கா. மடிச்சுப் பாத்தேன், அது பழைய மடிப்புக்குப் போக மாட்டேங்குது, சவம், ஒரு பக்கம் அமுக்குனா இன்னொரு பக்கம் தூக்குது. மெதுவா ஆல்ட்டோ வரியை முனகிப் பாத்தேன். வருது. கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போது கரகரன்னுது. கரகரப்பு எனக்கு எப்பவும் உண்டா, இல்ல இப்பத்தானா. முப்பது வருஷம் கிளாஸ்ல கத்துனவளுக்குக் கரகரக்காம. விரலை வச்சுத் தடவிப் பாக்கேன், கழுத்துலயும் சதை, எது கட்டி எது கொழுப்புன்னு எப்படித் தெரியும். அத்தை ஒல்லி, அவுகளுக்குத் தெரிஞ்சுது. என்னை மாதிரி ஒருத்திக்கு அது எத்தனை வருஷம் வேணும்னாலும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கலாம். எனக்குப் பயமா இருக்கு. ஆண்டவரே, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அப்பத்தான் கெசியா ஞாபகம் வந்துது, அதுவரைக்கும் என்னைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். சென்னையில ஆபீஸ் வேலை பாக்கா என் மக. அவளும் என்னை மாதிரிதான், நல்லா இருப்பா. மேலப்பாளையத்துலேர்ந்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பேசிக்கிட்டு இருக்காவ, போட்டோவைப் பாத்துட்டு, பிள்ளை கொஞ்சம் உடம்பாத் தெரியுதேன்னாவ. அன்னைக்கு ராத்திரி கெசியா போன்ல, நீ முதல்ல போடும்மா, உனக்கு நல்லா எறங்குச்சுன்னா நானும் கல்யாணத்துக்கு முன்னால ஆறு மாசம் போடுதேன்னா. நான் சிரிச்சேன். அவ ஒரு டாக்டர் முன்னால உக்காருவா. அந்த டாக்டரும் தாளை வச்சுக்கிட்டு கேப்பாவ. என் மக சொல்லுவா, எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணும் கிடையாது டாக்டர். அவளுக்கு அது நான் சொல்லிக் குடுத்த வாய்ப்பாடு.

பத்து நாப்பத்தி மூணு. அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா சாயர்புரத்துல தம்பி வீட்ல இருக்காவ, எழுவத்தெட்டு, காது நல்லாக் கேக்கும், புத்தி அதை விட நல்லா. எடுத்ததும் சாப்ட்டியாட்டின்னு கேட்டாவ. சாப்பிட்டேன்னேன், சாப்பிடல. ஞானக்கனி அத்தைக்கு என்னம்மா செஞ்சுதுன்னு கேட்டேன். அந்தப் பக்கம் தம்பி வீட்டு மிக்சி ஓடுது. அப்புறம் அம்மா சொன்னாவ, சுகவீனம். என்ன சுகவீனம்னேன். அம்மா குரல் மாறிட்டு.

“யாரு கேக்கா? மேலப்பாளையத்துக்காரவுகளா?”

“இல்லம்மா. நான்தான் கேக்கேன்.”

நாப்பது வருஷமா வெளிய உள்ளவுக கேட்டா என்ன சொல்லணும்னு பாடம் பண்ணி வச்சிருக்காவ, பெத்த பிள்ளை கேட்டா என்ன சொல்லணும்னு யாரும் பாடம் பண்ணல. மிக்சி நின்னுது. அம்மா எந்திச்சு எங்கயோ போயி கதவைச் சாத்துற சத்தம் கேட்டுது. அப்புறம் ரொம்பத் தணிஞ்ச குரல்ல சொன்னாவ. கழுத்துல கட்டி, அதான், அது. அந்த வார்த்தையை அப்பவும் சொல்லல. ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைத் தாள்ல என்னமோ ரகம்னு பேரு எழுதிக் குடுத்தாவளாம், இது குடும்பத்துல வரக்கூடியது, கூடப்பிறந்தவுக, பிள்ளைங்க, எல்லாரும் ஒருக்கா வந்து காட்டணும்னு சொன்னாவளாம். உங்க அப்பா திரும்பி வார ரயில்லயே அதைக் கிழிச்சு ஜன்னல் வழியா விட்டுட்டாவ. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என்ன செய்யச் சொல்லுத, வீட்ல கரையேத்த நாலு பொம்பளைப் பிள்ளை. நீ சின்னப் பிள்ளை, என் மடியில தலை வச்சுத் தூங்கிக்கிட்டு இருந்த. அப்பா போய்க் காட்டுனாவளா கடைசி வரைக்கும்னேன். காட்டல. அப்பா அறுவது வயசுல குளிச்சுட்டு வந்து துண்டைக் கொடியில போட்டவுக அப்படியே விழுந்தாவ, பிரஷர்னு சொன்னாவ, நாங்களும் பிரஷர்னே சொல்லிக்கிட்டோம். எனக்கு அப்பா மேல கோவம் வரணும். வருது, வந்து பாதியில அந்த ரயில்ல உக்காந்திருக்குற மனுஷனைப் பாத்து நின்னுருது. கைக்குள்ள கிழிச்ச தாளு, எதிர் சீட்டுல சாகப் போற தங்கச்சி, பொண்டாட்டி மடியில நான்.

அம்மா அழுதாவளா இல்லையான்னு தெரியல. மூக்கைத் துடைச்சுட்டு, ஏட்டி, கெசியாகிட்ட இதைச் சொல்லிராதன்னாவ. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம். நான் சரிம்மான்னேன். வாயிலேர்ந்து அதுவா வந்துட்டு, டாக்டரம்மா முன்னால வந்த மாதிரியே. போனை வச்சேன். மணி பத்து அம்பத்தஞ்சு, அஞ்சு நிமிஷம் கூடவே ஆயிட்டு. பேனாவைத் தொட்டுப் பாத்தேன், சில்லுனு இல்ல, என் கை சூடு அளவுக்கு வந்துட்டு. இப்பக் குத்துனா வலிக்காது. மூணு படி. மண்டைக்குள்ள அமைதி. முட்டு. எல்லாத்தையும் ஒரு நிமிஷம் கையில வச்சுக்கிட்டு நின்னேன், எனக்கு அழுகை வந்துது, இருவது வருஷம் கேட்டது கைக்கு வந்து போகுதேன்னுதான் வந்துது, உயிரு மேல உள்ள ஆசையில இல்ல. அப்புறம் பிரிட்ஜைத் திறந்து முட்டை வைக்குற இடத்துல பேனாவைத் திரும்ப வச்சேன். திங்கக்கிழமை டாக்டரம்மாகிட்ட போகணும், அந்த டிக்கை அழிக்கச் சொல்லணும், என்ன ரத்தம் எடுக்கணுமோ எடுக்கட்டும். அதுக்கு ரெண்டு நாள் இருக்கு. ஆனா இன்னொருத்திகிட்ட இப்பவே சொல்லலன்னா திங்கக்கிழமைக்குள்ள எனக்குப் பழக்கமாயிரும், எங்க வீட்ல எல்லாம் சீக்கிரம் பழக்கமாயிரும். கெசியா நம்பரைத் தட்டுனேன். மூணாவது ரிங்குல எடுத்தா. கேண்டீன்ல இருப்பா போல, தட்டுச் சத்தம், யாரோ சிரிக்காவ. எடுத்ததுமே கேட்டா.

“போட்டாச்சாம்மா? வலிச்சுதா?”

போடல கண்ணு, கொஞ்சம் சத்தமில்லாத இடத்துக்கு வான்னேன். என்னம்மா, உன் குரல் ஒரு மாதிரி இருக்குன்னா. குரல் கம்மியிருந்துது, எனக்கே கேட்டுது. அவ நடந்து வெளிய வார சத்தம், ஒரு கதவு, அப்புறம் அமைதி. சொல்லும்மான்னா. எனக்கு வாய் திறக்குது, சத்தம் வரல. திரும்பத் திறந்தேன்.

“ஞானக்கனி அத்தைக்கு வந்தது கேன்சர். நம்ம குடும்பத்துல அப்படி ஒண்ணு உண்டு.”

அந்தப் பக்கம் என் மக எச்சி முழுங்குற சத்தம் கேட்டுது. கொஞ்சம் பொறுத்து, இன்னொருக்கா.